எண்பது

எட்டாம் வகுப்பில் உயரம், எடை பார்த்த அன்று
பி.டி. மிஸ் நம்பரைச் சத்தமாகப் படித்தார்.
அறுபத்தொன்று.
லீடர் எழுதிக்கொண்டாள்.
அதன்பின் கிருபா என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்.
மற்ற நேரமெல்லாம் நான் தண்ணி லாரி.

ஷேர் ஆட்டோவில் கடைசியாகத்தான் ஏறுவேன்.
முதலில் ஏறினால் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள்.
மடிமேல் பையை வைத்துக்கொண்டால்
பைதான் பெரிசு என்று நினைப்பார்கள் என
நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டேரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில்
கார்ப்பரேஷன் ஜிம்.
மூணிலிருந்து அஞ்சு வரை பெண்களுக்கு.
அந்த வெயிலில் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் சேர்ந்தேன்.
ரஃபியா வந்தாள். என்னைவிட நாலு கிலோ கூட.
ஒருத்தியை ஒருத்தி பார்க்காத மாதிரி
ஒரு வாரம் ட்ரெட்மில்லில் நடந்தோம்.
அது ரிப்பேரானது.
மிச்சம் இருந்தது இரும்பு.

முதல் நாள் வெறும் கம்பி. இருபது கிலோ.
"தண்ணி கேன் மாதிரிதான்டி" என்றாள்.
ஆமாம்.
லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு
வாரம் நாலு கேன் நான்தான் தூக்குகிறேன்.
அதைப் பலம் என்று
வீட்டில் யாரும் சொன்னதில்லை.

முப்பது. நாற்பத்தைந்து.
ஒரு மாதம் முழுக்க நாற்பத்தைந்திலேயே.
உள்ளங்கை காய்த்தது.
"எத்தனை கிலோ குறைஞ்சே?" அம்மா கேட்டாள்.
குறையவில்லை.
யூனிஃபார்ம் தைப்பவர் மட்டும்
தோள்பட்டையில் பிரித்து விடணும் என்றார்.

ஆடி மாசம், கரண்ட் போன ஒரு புதன்கிழமை,
தட்டுகளை மாட்டிவிட்டுக் கூட்டிச் சொன்னாள் ரஃபியா:
பக்கத்துக்கு முப்பது, கம்பி இருபது.
எண்பது.

அது என் எடை.

அவளிடம் சொல்லவில்லை.
குனிந்தேன். குதிகாலை ஊன்றினேன்.
நகரவில்லை.
இன்னும் நகரவில்லை.
பிறகு தரைக்கும் தட்டுக்கும் நடுவே
விரல் கனத்துக்கு வெளிச்சம்.

நிமிர்ந்து நின்றேன்,
ரெண்டு நொடி, என் கையில் நான்.
இவர்கள் சொன்ன அளவு
கனமில்லை.

போட்ட சத்தத்தில் பக்கத்து ரேஷன் கடையிலிருந்து
யாரோ திட்டினார்கள்.

வெளியே வந்தால், டீக்கடை வாசலில் ஒருத்தன்
"லாரி வருது, வழி விடு" என்றான்.
வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆட்டோ வந்தது.
முதல் ஆளாக ஏறினேன்.
பையைக் காலடியில் போட்டேன்.
அயனாவரம் வரை பக்கத்து இடம் காலி.
காற்று நன்றாக வந்தது.