காது மட்டம்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏலம்
விடிய நாலு மணிக்கு.
மூன்றரைக்கு வீட்டைப் பூட்டினால்தான் சரியாக இருக்கும்.
முப்பது வருஷம், இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டு
ரயில்வே கேட்டைத் தனியாகத் தாண்டியிருக்கிறேன்.
உருவியது ஒரே ஒரு தடவை.
லாரிக்குப் பின்னாலிருந்து வந்தவன்
கொடுவாளைப் பார்க்கவில்லை,
அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு ஓடினான்.

அந்தக் கைதான் இப்போது
கொண்டை போட வரமாட்டேன் என்கிறது.

தருமபுரியில் தோளுக்கு வைத்தியம் பார்க்கும் பெண்
சுவரில் விரல்களால் ஏறச் சொல்கிறாள்.
ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடி ஆள்காட்டி விரல்.
காது மட்டம் வந்ததும் தோள் நின்றுவிடுகிறது.
பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுகிறாள்.
மூன்று மாதத்தில் நாலு கோடுகள்,
எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று.

வீட்டுக்கு வந்து அதே உயரத்தில்
நானும் ஒரு கோடு போட்டேன்.
கோட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் கீழே இறங்கியது.
கதவின் மேல்தாழ்ப்பாள், டார்ச், சாவிக்கொத்து,
நான் எப்படிப்பட்டவள் என்ற என் கணக்கும் கொஞ்சம்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகள்
கண்ணெரிச்சல் மருந்தடிக்கும் குப்பி ஒன்று அனுப்பினாள்.
குழந்தைகள் திறக்க முடியாத மூடியாம்.
நானும் திறக்கவில்லை.
மிளகாய்ப்பொடியை மாடியில் தூவிப் பார்த்தேன்.
காற்று யார் பக்கம் என்று அன்று தெரிந்தது.
விசில் வாங்கினேன்.
ஊதியதும் பல்செட் முன்னால் வந்து நின்றது.

கொடுவாளைக் கட்டிலுக்கு அடியில் போட்டேன்.
இறுக்கிப் பிடிக்க முடியாத கையில் இருந்தால்
அது எதிரே நிற்பவனின் ஆயுதம்.
இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகிறது,
ஒத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது.

பிறகு பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பப் பழகினேன்.
திம்மராயனின் பால்வண்டி அந்த நேரத்தில் வரும்.
அவன் வெளிச்சத்தில் மண்டிவரை நடப்பேன்.
முதல் லாட் கை நழுவிப் போகும்.
போகட்டும்.
பணமெல்லாம் போன் வழியாக.
இடுப்பில் மட்டும், திருடனுக்கென்றே
முந்நூறு ரூபாயோடு ஒரு சுருக்குப்பை.

கார்த்திகையில் ஒரு நாள் பனிமூட்டம்.
பால்வண்டி வரவில்லை.
காத்திருக்கலாம் என்று கால் சொன்னது.
விலை ஏறும் என்று புத்தி சொன்னது.
நடந்தேன்.

கேட்டருகே பைக் ஒன்று விளக்கை அணைத்தது.
சின்னப் பையன், குரல்கூட முற்றவில்லை.
"பையக் குடு."
என் கை தானாக இடுப்புக்குப் போனது,
முப்பது வருஷப் பழக்கம்.
அங்கே பிடி இல்லை. சுருக்குப்பைதான் இருந்தது.
அதை இடதுபக்கம், எவ்வளவு தூரம் முடியுமோ
அவ்வளவு தூரம், கீழ்க்கையால் வீசினேன்.
அவன் இடதுபக்கம் போனான்.
நான் வலதுபக்கம், டீக்கடை விளக்கைப் பார்த்து நடந்தேன்.
ஓடவில்லை. முழங்கால் சம்மதிக்காது.

முதுகு மட்டும் எரிந்தது.
முதுகு காட்டுவது இப்படித்தான் இருக்குமா?

"கத்தியிருக்கலாமே" என்றான் டீக்கடை முனிரத்தினம்.
அவனும் வரிசையில் ஒருவன்,
என்ன செய்திருக்கலாம் என்று சொல்லும் வரிசையில்.
சர்க்கரை இல்லாத டீ வாங்கினேன்.
பாதி டம்ளரில், பாதி சேலையில்.
பிறகுதான் நினைவு வந்தது,
சுருக்குப்பையில் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு இருந்தது.
முந்நூறுக்கு வராத கோபம் அதற்கு வந்தது.

மண்டியில் பெட்டி முந்நூற்றெண்பதில் தொடங்கி
நானூற்றுப் பத்தில் நின்றது.
கையைத் தூக்கினேன்,
காது மட்டம்வரை.
ஏலக்காரனுக்கு அது போதும்.
"அம்மாவுக்கு நாப்பது பெட்டி" என்று எழுதிக்கொண்டான்.

மத்தியானம் மருந்துக்கடைக்குப் போகணும்.