கோரிக்கை இலக்கம் 4417

படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்:
டபுள் பேஸ் ஒன்று. பழையது.
வெல்லம்பிட்டியில் வெள்ளம் ஏறிய இரவில்
மேசைமேல் தூக்கி வைத்தும் நனைந்தது.
உரிமையாளர் ரொட்னி கெலார்ட், அறுபத்தொன்று.
தொழில்: அச்சகம். சனி இரவுகளில் வேறு.

வேறு என்றால் என்ன என்று
தொலைபேசியில் கேட்டேன்.
வந்து பாருங்கள் என்றார்.

காப்புறுதிக் கம்பனியில் பதினோரு வருடம்.
நசுங்கிய வேன்களைப் பார்க்கப் போயிருக்கிறேன்,
கூரை பறந்த கோழிப்பண்ணையை,
ஒருமுறை செத்த கறவை மாட்டை.
பாட்டைப் பார்வையிடப் போனதில்லை.

பம்பலப்பிட்டி. மரைன் டிரைவ்.
டயர்க் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே கைப்பிடிக் கம்பி
உள்ளங்கையில் துடித்தது.

உள்ளே, எண்ணெய் தடவி
அலைபோல் நிமிர்த்திய முன்முடிகள்.
புள்ளிப் பாவாடைகள் குடைபோல் விரிந்து
மூடுமுன் மறுபடி விரிந்தன.
பகலில் இவர்கள்
வங்கியில் காசெண்ணுகிறார்களாம்,
பல் வைத்தியரிடம் துண்டு எழுதுகிறார்களாம்.
"பைலா ஒண்டு போடுங்க!" என்றது பின்வரிசை.
துவான் சப்ரி டிரம் குச்சியால் வாசலைக் காட்டினார்:
"அது அடுத்த ஒழுங்கையில மச்சான்.
இங்க ராக்கபிலி மட்டும்தான்."

ரொட்னியைவிட ஒரு முழம் உயரம் அது.
வயிற்றின் குறுக்கே ஒரு வெடிப்பு,
படகுக்குப் பூசும் பசையால் ஒட்டியிருந்தது.
குறித்துக்கொண்டேன்.
அவர் நரம்பை மீட்டவில்லை.
அறைந்தார்.
அறைந்த கை திரும்புமுன் மரம் பதில் சொன்னது:
டும்-டக்கு டும்-டக்கு டும்-டக்கு
பாட்டில் யாரோ ஒருத்தி யாரையோ விட்டுவிட்டு
ஊரைவிட்டே போகிறாள்.
அழ நேரமில்லை ஒருவருக்கும்,
அவ்வளவு வேகம்.

கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி
சுவரோடு நின்றிருந்தேன்.
இமேஷா என்று பெயர் சொன்ன பெண்
கோப்பைப் பிடுங்கி ஸ்பீக்கருக்கு மேல் வைத்தாள்.
பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று,
பிறகு சுற்று, என்றாள்.
சுற்றினேன்.
யாருடைய காலையோ மிதித்தேன்.
மன்னிப்புக் கேட்கத் திரும்பியபோது
அந்தக் கால் அறையின் மறுகோடியில் இருந்தது.

ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது.
கிட்டார் பாதிச் சொல்லில் நின்றது.
பாடகன் வாயைத் திறந்தபடியே
வெறும் மனிதனானான்.
மின்விசிறி மெல்ல மெல்ல ஓய,
உப்புக்காற்று எங்கள் வேர்வையைத் தொட்டது.
அப்போது இருட்டுக்குள்ளிருந்து
டும்-டக்கு.
அதற்கு எந்தப் பிளக்கும் வேண்டியிருக்கவில்லை.
சப்ரி ஒரு கதிரையின் முதுகில் தட்டினார்.
முகம் தெரியாத கைகளை
முகம் தெரியாத கைகள் தேடிப் பிடித்தன.

காலிப் பக்கம் போகும் கடைசிக்கு முந்திய ரயில்
ஜன்னலுக்குக் கீழே வந்தது.
பெட்டிப் பெட்டியாய் வெளிச்சம்
எங்கள்மேல் ஓடியது:
ஒரு முழங்கை, ஒரு பல்வரிசை, பறந்த ஒரு பின்னல்.
ரொட்னி தண்டவாளத்தின் தாளத்தைக் கேட்டு
அதற்குள் இறங்கினார்.
யார் யாரை இழுத்தார்கள் என்று
இன்றைக்கும் சொல்லத் தெரியாது எனக்கு.
ரயில் போய்விட்டது. அவர் நிற்கவில்லை.

கீழே, தேநீர்க் கடையில்
மெழுகுதிரி வெளிச்சத்தில் சொன்னேன்:
இப்படிக் கேட்டபிறகு முழு நட்டம் என்று எழுத முடியாது.
பெரிய தொகை கிடைக்காது உங்களுக்கு.
"முழு நட்டமென்று எழுதினால்
சிதைவு கம்பனிக்குச் சொந்தம் இல்லையா மிஸ்?
லொறியில் வந்து ஏற்றுவீர்கள்.
எனக்குப் பசைக் காசு போதும்."
பிளேன்டீயை ஊதினார்.
விரல் நுனிகள் நான்கிலும் பிளாஸ்டர்.

திங்கட்கிழமை.
பொருளின் தற்போதைய நிலை என்ற கட்டத்தில்
பாவனையில் உள்ளது என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
குத்தியது கொஞ்சம் சத்தமாகிவிட்டது;
அடுத்த மேசை நிமிர்ந்து பார்த்தது.
மறுபடி குத்தினேன்.
மேசைக்குக் கீழே,
வலது சப்பாத்தில் குதி இல்லை.
அதற்குப் படிவம் கிடையாது.