ஒன்பதாவது குதி

கெமி நகரில் அந்த மார்ச்சில்
கடல் இன்னும் உறைந்துதான் கிடந்தது.
காகித ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
காலுறையைக்கூடக் கழற்றாமல் மேஜைமுன் உட்கார்ந்து
ஒரு நரியைத் திரும்ப எழுப்பினேன்.

பழுப்புக் கணினி, கேசட்.
ஏழு நிமிடம் கிறீச்சிட்ட பிறகே விளையாட்டு திறக்கும்.
நடுவில் யாராவது மேஜையை இடித்தால் போச்சு,
மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் கட்டம், பனிக்குகை.
அங்கேதான் அந்த மெட்டு.
சிப்பில் மூன்றே குரலுக்கு இடம்:
ஒன்று அடியில் உறுமும்,
ஒன்று பொடிப்பொடியாய்த் தட்டும்,
ஒன்று பாடும்.
நரி குதித்தால் டுவிங் என்று சத்தம் வர வேண்டுமே,
நாலாவது குரலுக்கு எங்கே போவது?
பாடுகிறவளின் வாயைப் பொத்தும்.
கால் தரையைத் தொட்டதும் விட்டுவிடும்.
அவளும் ஒன்றுமே நடக்காததுபோல்
விட்ட இடத்திலிருந்து அல்ல,
இந்நேரம் வந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து
தொடருவாள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஜாய்ஸ்டிக்.
அது எப்போதும் மேல்மாடி ஹன்னெலேயிடம்.
நான் பார்த்தேன். அதாவது, கேட்டேன்.

முப்பத்தோரு வருடம் கழித்து
சிப்பின் தரவைப் பிரித்து
ஒரு சுரம் விடாமல் எடுத்தேன்.
அக்கார்டியன் வைத்தேன். செல்லோ வைத்தேன்.
உறுமலுக்கு ஆலையின் மூன்றாம் எந்திரத்தையே
பதிவுசெய்து போட்டேன்
(மேலாளருக்குத் தெரியாது).
பொத்திய வாயையெல்லாம் திறந்துவிட்டேன்.

ஹன்னெலே இப்போது ரொவானியெமியில்
ஒரு பல் மருத்துவரின் உதவியாளர்.
அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்:
"நல்லா இருக்கு. இது என்ன பாட்டு?"

என்ன பாட்டா!
அன்று உருளைக்கிழங்கு அடியோடு தீய்ந்தது.
சட்டியைச் சுரண்டும்போதுதான் உறைத்தது:
இதை அவள் கேட்டதே இல்லை.
அவளுக்குத் தெரிந்த மெட்டில்
பதினொரு குழிகள்.
அவளுடைய கட்டைவிரல் தோண்டியவை.
நான் எல்லாவற்றையும் தூர்த்து
மேலே தாரும் ஊற்றியிருக்கிறேன்.

அதன்பின் நாலு இரவு நானே விளையாடினேன்.
எனக்கு வராது. எப்போதும் வந்ததில்லை.
இரண்டாவது பனி ஈட்டியிலேயே செத்தேன்,
செத்தேன், செத்தேன்.
ஆனால் அவள் எங்கே குதிப்பாள் என்று தெரியும்.
குதிக்குமுன் தோளைத் தூக்குவாள்,
என்னவோ தானே தாண்டப்போவதுபோல்.
ஒன்பதாவது தேவையே இல்லாத குதி,
கீழே பள்ளமும் இல்லை, ஈட்டியும் இல்லை,
வெறும் திமிர்.
அதையும் வெட்டினேன்.

ஃபோன் வந்தது. அவள் பேசவில்லை.
பின்னால் யாருடைய பல்லையோ ராவும் சத்தம்,
அதன்மேல் என் அக்கார்டியன்.
ஒவ்வொரு குழியிலும்
ஒரு விரல் ஃபோனைத் தட்டியது.
முடிந்ததும் சொன்னாள்:
"ஒன்பதாவதுல ஒண்ணு இல்ல, ரெண்டு.
நீ ஒழுங்காப் பார்த்ததே கிடையாது."

ஜூலையில் தம்பெரே,
ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக்கூடம்.
தூங்கும் பைகள், கருகிய தொத்திறைச்சி வாசனை,
இருட்ட மறுக்கும் இரவு.
என்னைப்போல் இருநூறு பேர்,
எல்லோர் பையிலும் ஏதோ ஒரு பழைய மெட்டின்
புது உடுப்பு.
ஒலிபெருக்கி சதிசெய்து ஊமையானது.
சரிசெய்யும்வரை சும்மா இருப்பானேன் என்று
தார்த்துவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர்
பனிக்குகையை முனகத் தொடங்கினார்.
சேர்ந்துகொண்டோம்.

நாலாம் அடியில் ஓட்டுநர் வாயை மூடினார்.
அவர் அங்கேதான் குதிப்பார்போல.
ஆறாம் அடியில் ஓர் இரட்டையர், ஒன்றாக.
ஜன்னலோரத்தில் தாடிக்காரர் ஒருவர்
எட்டுக்கு ஒருதரம் நின்று நின்று,
பாவம், பயந்த ஆள் போலிருக்கிறது.
அவரவர் பள்ளத்தில் அவரவர் மௌனம்.
மெட்டு மட்டும் ஓரிடத்திலும் அறுபடவில்லை.

ஒருநாளும் குதித்திராத நான்
ஹன்னெலேயின் இடங்களில் நின்றேன்.
ஒன்பதாவதில்
இரண்டு தரம்.