அரியர்

தாள்: அமெரிக்க வரலாறு.
வினா எண் பதினேழு. சிறு குறிப்பு வரைக:
பத்து மணி நேர இயக்கம்.
ஐந்து மதிப்பெண்.

மூன்று முறை எழுதினேன் ஐயா, மூன்று முறையும் போச்சு.
நான்காம் முறை கட்டணம் கட்டிவிட்டு
விமானம் ஏறிவிட்டேன்.

தேர்வு மையம் இப்போது சித்ரா.
பெண் பெயரில்லை, பஹ்ரைனில் ஒரு தீவு.
எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் தையல் கம்பெனி,
ஏழாம் அறை, மேல்கட்டில்.
விடைத்தாள், கட்டிங் மேசையில் மிஞ்சிய பழுப்புக் காகிதம்.
பதிவு எண் மறந்துவிட்டது.
பஞ்சிங் எண் 2216.

விடை.
மாசசூசெட்ஸில் லோவல் என்றொரு ஊர்.
ஆற்றை மடக்கித் தறி ஓட்டினார்கள்.
பண்ணை வீட்டுப் பெண்கள் பெட்டியோடு வந்து
கம்பெனி விடுதியில் கட்டிலுக்கு இருவராய்ப் படுத்து
மணியடித்தால் எழுந்து மணியடித்தால் தின்று
பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதின்மூன்று.

எங்களுக்கு மணி இல்லை, கடிகாரம்.
காலையில் ஏழு நிமிடம் முந்தும்
மாலையில் ஏழு நிமிடம் பிந்தும்.
கேட்டால் டைம்கீப்பர் குரியாக்கோஸ் சொல்வார்:
கடல் காற்று, பேட்டரிக்கு ஆகாது.
செண்பகவடிவு துணி வெட்டும் சாக்கட்டியால் கணக்குப் போட்டாள்.
நாளுக்குப் பதினாலு நிமிடம்,
மாதம் இருபத்தாறு நாள்,
நூற்றி எண்பது பேர்.
ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம்
கடல் காற்று தின்றிருக்கிறது.

லோவல் பெண்கள் மனு எழுதினார்கள்.
ஓட்டுரிமை இல்லாத கைகள், ஆயிரக்கணக்கில்.
நாங்களும் எழுதினோம்.
யார் பெயர் மேலே வருமோ அவளுக்கு டிக்கெட் என்பதால்
காலர் அளவுத் தாளை விரித்து
கழுத்து நுழையும் ஓட்டையைச் சுற்றி
வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம்,
தமிழில், சிங்களத்தில், நேபாளியில்.

ஷெஃபாலி போடவில்லை.
ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்தவள் அவள்.
பாஸ்போர்ட் இன்னும் அந்த வீட்டு அலமாரியில்.
எங்களுக்கு நூல் வெட்டித் தருகிறாள்,
ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இங்கே இல்லை.
பேனா மட்டும் அவளுடையது.

இங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும், கைடில் இல்லாதது:
லோவலில் நெய்த பருத்தியைப்
பறித்தவர்கள் தெற்கே அடிமைகள்.
அவர்கள் கைரேகைக்கு அந்த மனுவில் இடமில்லை.
படித்தபோது எனக்கு இது தோன்றவில்லை ஐயா.

பிறகு சட்டமன்றக் குழு ஆலைக்குப் போனது.
புல்தரை ஒழுங்கு, மரம் நட்டிருக்கிறார்கள் என்று எழுதியது.
பரிகாரம் எங்கள் கையில் இல்லை என்றும் எழுதியது.

எங்களுக்கும் ஆபீசர் வந்தார்.
முந்தைய இரவு வாசலில் ஆறு அரளித்தொட்டி இறங்கியது,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
அவர் அரளியைப் பார்த்தார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
குரியாக்கோஸ் ஏசிக்கு நேர் கீழே நின்று வியர்த்தார்.

அடுத்த வாரம் புதுக் கடிகாரம்.
அதற்கடுத்த வாரம் செண்பகவடிவுக்கும் இன்னும் இருவருக்கும் டிக்கெட்.
வட்டத்திலும் ஒரு முதல் பெயரைக்
கண்டுபிடித்துவிட்டார்கள்.

முடிவுரை.
இயக்கம் ஓரளவு வெற்றி பெற்றது என்பது கைடின் கடைசி வரி.
மூன்று முறையும் அந்த ‘ஓரளவு’ எனக்கு மறந்துபோனது.
இப்போது தெரியும், அதன் நீளம் பதினாலு நிமிடம்.
பஸ் வரும்வரை நாங்கள் சும்மா நிற்கிறோம்.
ஷெஃபாலி அரளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.
கணக்குப் போட்டவளின் போன் மட்டும்
ஊரில் அணைந்தே கிடக்கிறது.

ஐந்து மதிப்பெண்ணுக்கு அரைப்பக்கம் போதும் என்பீர்கள்.
கூடுதல் தாள் கொடுங்கள் ஐயா.
கட்டுவதற்கு நூல் இருக்கிறது.