வருகைக் கணக்கு

நாற்பதாம் ஆண்டு மலருக்குக்
கிளப்பின் வரலாறு வேண்டுமாம்.
ஒன்றரைப் பக்கம்.
"தம்வோல் காலத்தை ஒரே வரியில் முடித்துவிடுங்கள், பியோ அம்மா"
என்றான் விளம்பரப் பிரிவின் புதுப் பையன்.
அந்த ஒரு வரி
இருபத்திரண்டு வருடம்.

என்னிடம் வரலாறு கிடையாது.
டிக்கெட் அடிக்கட்டைகள் இருக்கின்றன.

எண்பத்து நான்கு, ஏப்ரல், முதல் ஆட்டம்.
வானமெல்லாம் மஞ்சள் தூசி.
யூரிம் சிமெண்ட் ஆலை ஒரு ஷிப்டையே நிறுத்தி
பேருந்தில் ஏற்றி அனுப்பியது கைதட்ட.
வருகை பதினோராயிரத்து அறுபது.
காசு கொடுத்தவர் எழுநூற்று மூன்று.
இரண்டையும் எழுதியது நான்தான்.
பத்திரிகைக்குப் போனது பெரியது.

கோல்கீப்பர் மா தொக்-சூ
காலையில் சாக்குத் தைக்கும் பிரிவு.
அவன் பிடித்த பந்தில்
சாம்பல் நிறத்தில் பத்து விரலும் பதியும்.
நடுவர் ஒருமுறை பந்தைக் கழுவச் சொன்னார்.

தொண்ணூற்று ஒன்று. இறுதி ஆட்டம். பெனால்டி.
சியோ ஹக்-மின் அடித்தது
கம்பத்துக்கு மேலே, சுவருக்கும் மேலே,
மீன் ஏலக் கொட்டகைக்குள் போய் விழுந்தது.
யாரும் திருப்பித் தரவில்லை.
அதன் பிறகு எங்கள் ஊரில்
வராக் கடனுக்கு "சியோவின் பந்து" என்றே பெயர்.

தொண்ணூற்றேழு டிசம்பரில்
நாடே கடன்காரன் வாசலில் நின்றது.
கல்யாண மோதிரங்களைக் கழற்றிக்கொண்டு
ஜனங்கள் வங்கியில் வரிசையில் நின்ற குளிர்காலம்.
எங்கள் பின்கள ஆட்டக்காரன் ஒருவனுக்குச்
சம்பளம் நாற்பது மூட்டை சிமெண்ட்.
மாமியாருக்குக் குளியலறை கட்டிக் கொடுத்தான்.
அந்த வருடம்
தோற்றதை விட வென்றது அதிகம்,
ஏனென்று யாருக்கும் தெரியாது.

பிறகு இரண்டாயிரத்து ஆறு.
வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஃபேக்ஸ்,
ஞாயிறு இரவு இரண்டு லாரி.
வலை, கோப்பை, மூலைக் கொடிகள்,
குளியலறைக் கண்ணாடி கூட.
வாயிலில் பனிக்குள் முரசோடு உட்கார்ந்திருந்தான்
என் தம்பி கி-தே.
ஓட்டுநர் பக்கத்தில் நான்,
மடியில் பேரேடுகள்.
விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது.
என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காதென்று
பல வருடம் நம்பினேன்.
எனக்கு வீட்டுக் கடன் இருந்தது.
அவனுக்கு முரசு.

விடப்பட்டவர்கள் தலைக்கு ஐம்பதாயிரம் வோன் போட்டுத்
தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள்.
முடிதிருத்துபவர் செயலாளர்.
மழை பெய்தால் ஆட்டமில்லை.
நான்காம் பிரிவின் அடிவரிசையில்
அவர்கள் பெயரைத் தேடிப் பார்ப்பேன்,
அலுவலகக் கணினியில்,
எல்லாரும் சாப்பிடப் போன பிறகு.

இந்த ஜூனில் கோப்பைக் குலுக்கல்
எங்களையும் அவர்களையும் ஒரே சீட்டில் எழுதியது.
விருந்தினர் வாயிலில் எண்ணும் கருவி பழுது.
நானே நின்று எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்
வயிற்றால் முரசை முன்னே தள்ளி வந்தான்.
தலை நரைத்திருந்தது.
"இதற்கும் டிக்கெட்டா?"
பதினெட்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.
"ஆட்களுக்கு மட்டும்" என்றேன்.
குரல் கவுண்டர் குரலாகவே வந்தது.
அவன் போய்விட்டான். அடுத்து ஒரு சிறுமி,
கையில் காகிதக் குவளையில் மீன்கேக் சூப்.
நானூற்றுப் பதின்மூன்று.

மூன்றுக்கு ஒன்று. நாங்கள் வென்றோம்.
நாம் என்று எழுதி, அடித்து,
மறுபடி நாங்கள் என்று போட்டிருக்கிறேன்.
அந்த ஒரு கோல் விழுந்தபோது
கவுண்டருக்குள் என் பேனா
மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது, முரசின் தாளத்தில்.

மலருக்கான வரி தயார்:
"தம்வோலில் ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எட்டுப் பேர்
காசு கொடுத்துப் பார்த்தார்கள்;
பந்து இன்னும் திரும்பி வரவில்லை."

பையன் பென்சிலால் ஓரத்தில் கேட்டிருக்கிறான்,
எந்தப் பந்து?