அடிவரி

புகாரெஸ்டில் பின்னிரவு.
திரையின் அடியில் ஓடும் வரியை
அடிப்பது என் வேலை:
எழுபது எழுத்துக்குள் உலகம்.

நடிகை ஸ்மராந்தாவின் நாய்
மாலை முதல் காணவில்லை.
படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள்.
வெள்ளிச் செருப்பு, ஒன்றில் வார் அறுந்திருக்கிறது.

எங்கோ ஓர் அணை உடைந்திருக்கிறது.
அந்த ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்ல
அலுவலகத்தில் ஆளில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தேன்;
வரி ஒரு சுற்று வருவதற்குள்
முந்நூற்று நாற்பது.
அத்தனை தண்ணீரும்
அவள் செருப்புக்குக் கீழாகவே போயிற்று,
விளிம்புகூட நனையவில்லை.

தொலைபேசிகள் ஓயவில்லை.
நாயின் நிறம் கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்.
பிளோயெஷ்டியிலிருந்து ஒரு செவிலி,
தேடப் போகிறவர்களுக்கு டார்ச் வாங்கித் தருவாளாம்.
கெட்டவர்களாக இருந்திருந்தால்
எளிதாக இருந்திருக்கும்.
அம்மாவும் அழைத்தாள்:
‘பாவம், இல்லையா?’
யாரை என்று நான் கேட்கவில்லை.

அணையைப் பற்றி ஒரே ஓர் அழைப்பு.
ஓடுகிற எழுத்து காலை மறைக்கிறது,
கொஞ்சம் கீழே இறக்க முடியுமா?
இறக்கினோம்.

நான்கு மணிக்கு நாய் கிடைத்தது,
ஒரு ரொட்டிக்கடை அடுப்பின் பின்னால்,
உடம்பெல்லாம் மாவு.
தயாரிப்பாளர் ஹோரியா என்னைக் கட்டிக்கொண்டார்.
எல்லோரும் தட்டினார்கள், நானும்தான்,
கை சிவக்க.

பிறகு வந்து உட்கார்ந்தால்
என் வரி பழைய எண்ணோடு
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
எவ்வளவு நேரமாகவோ.

முந்நூற்று நாற்பதிலேயே
நிறுத்தி வைத்திருந்தேன்
தண்ணீரை.