நாற்பது சொற்கள்

நாற்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள்.
பித்தளை விலை ஏறிவிட்டது.
வூட்ஜ் நகராட்சியின் மூன்றாம் மாடியில்
சொல் எண்ணும் வேலை எனக்கு.

முதல் வரைவு:
ட்ராவ்கொட் க்ராய்ட்டெல், நூற்பாலை அதிபர், வள்ளல்.
வள்ளலைச் சுற்றி
வெர்க்கோவ்ஸ்கா பென்சிலால் வட்டம் போட்டார்.
கேள்விக்குறி இல்லை. வட்டம் மட்டும்.

கொடுத்தது உண்மைதான்.
ஆலைக்கு எதிரே எட்டு வரிசை செங்கல் வீடுகள்,
பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி,
லூத்தரன் கோயிலுக்குக் கோபுரமும் நாலு முகக் கடிகாரமும்,
முப்பது படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி.
அதன் பதிவேட்டைப் புரட்டினேன்.
படுக்கை ஒன்று: மரியன்னா குபியாக், வயது பதினேழு,
பஞ்சு சிக்கெடுக்கும் எந்திரம், வலக்கை, இரண்டு விரல்.
கட்டுத்துணி அதே ஆலையில் நெய்தது.
கிள்ளிய கையே தொட்டிலையும் ஆட்டியது
என்று சொல்லிவிடலாம்.
ஆனால் தொட்டில் ஆடியதே,
அவள் எழுபத்தொரு வயது வரை இருந்தாளே,
அதை எந்தச் சொல்லில் வைப்பது?

கத்தோலிக்கத் தெருக்களில் இன்னும் ஒரு பேச்சு உண்டு:
அந்தக் கடிகாரம்
காலையில் ஐந்து நிமிடம் முந்துமாம்,
மாலையில் ஐந்து நிமிடம் பிந்துமாம்.
ஆதாரம் தேடினேன். இல்லை.

அபராதப் புத்தகம் கிடைத்தது.
பேசியதற்கு ஐந்து கோபெக்.
சன்னலைத் திறந்ததற்குப் பத்து.
ஞாயிறன்று குடித்துக் கிடந்ததற்கு இருபது.
பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை,
கீழே அமாலியே க்ராய்ட்டெலின் சாய்ந்த கையெழுத்தில்
'அனாதை நிதிக்கு.'
ஒரு காசைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை.
எரிந்து மிஞ்சிய மெழுகை உருக்கி
மறுபடி திரி போட்ட சீமாட்டி.
கடவுளிடம் தினமும் கணக்கு ஒப்பித்தவர்கள்
மனிதரிடமும் கணக்காகவே இருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறு எங்கே என்று கேட்கும் பயணிகளுக்குச்
சாக்கடை மூடியைக் காட்டுவோம்.
சாயப்பட்டறைக்காக அதை வளைத்து,
குழாயில் அடைத்து, மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
இரும்பு மூடியில் வார்த்த எழுத்தில் க்ராய்ட்டெல்.
மழைநாட்களில் அந்தப் பெயருக்கு அடியில்
தண்ணீர் பேசுகிறது,
அபராதமில்லாமல்.

பேரன்கள் இருவர்.
போர் வந்து ஒரு பட்டியலை நீட்டியபோது
இளையவன் வால்டெமார்
ஜெர்மானியன் என்று கையெழுத்திட்டான்;
ஆலை ராணுவச் சட்டை தைத்தது.
மூத்தவன் எர்வின்
நான் இந்த ஊர்க்காரன் என்றான்.
அவனை ஏற்றிப்போன வண்டியின் எண் இருக்கிறது,
போய்ச் சேர்ந்த இடம் இல்லை.
தாத்தாவின் கல்லறை மண்டபத்தில்
இருவருக்கும் பளிங்கு ஒதுக்கியிருந்தார்கள்.
இரண்டும் வெறுமையாக இருக்கின்றன.
எது யாருக்கு என்று சொல்ல
இப்போது ஆளில்லை.

பதினோராம் வரைவுக்குள்
வள்ளல் போனார்,
சுரண்டல் வந்து போனது,
'சிக்கலான மரபு' வந்து ஒரு வாரம் தங்கியது.
கடைசியில் பெயர், இரண்டு ஆண்டுகள்,
கட்டியவற்றின் வரிசை,
பிறகு, படுக்கை ஒன்றில் மரியன்னா குபியாக்.
வெர்க்கோவ்ஸ்கா படித்தார்.
பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டார்.

பலகை மாட்ட செனோன் வந்தான்.
ஏழாம் எண் வீட்டில் பிறந்தவன்.
அங்கே கழிப்பறை இன்னும் முற்றத்தில்தான்.
எதிரே ஆலைக்குள் இப்போது சொகுசு வீடுகள்,
சதுர மீட்டர் பன்னிரண்டாயிரம் ஸ்வோட்டி.
"எங்கள் கூரை ஒழுகுவதை எழுதினாயா இதில்?"
இடமில்லை என்றேன்.
துளைக்கும் எந்திரத்தை வைத்து அழுத்தினான்.
சுவர் லேசில் விடவில்லை.
முனை சூடேறிப் புகைந்தது.
"நல்ல செங்கல்" என்றான்,
காறித் துப்பிவிட்டு
மறுபடி அழுத்தினான்.